நாலு நிமிஷம் எங்கே போனாய்?

ஜனவரி 9

தம்பிக்கு,

நேற்று மூன்று முறை போன் அடித்தாய். மூன்று முறையும் கட் செய்தேன். இனிமேல் போன் செய்யாதே. இந்த வீட்டில் என் புருஷன் குரல் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் எதிரே உட்கார்ந்து உன் குரலைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமென்றாலும் உன் மாமா சிலேட்டில் எழுதித்தான் கேட்கிறார். நீயும் எழுது. கை வலிக்கட்டும்.

போன வாரம் நீ லீவில் இருந்தபோது உன் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பதிவறை ஜன்னலில் உனக்குப் பதிலாக ஒரு அம்மா இருந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் உன் மாமா தொண்டையில் கிள்ளி எடுத்தார்களே ஒரு துண்டுச் சதை, அதன் கண்ணாடி ஸ்லைடுகளைக் கேட்டேன். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பத்து நிமிஷத்தில் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். பத்தே நிமிஷம்.

அதை எடுத்துக்கொண்டு நாலு மணி நேரம் பஸ்ஸில் போய் வேறொரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "இது கேன்சர் இல்லம்மா. தொண்டையில வந்த டி.பி. பார்க்கறதுக்குக் கேன்சர் மாதிரியே இருந்து ஏமாத்திடும். மாத்திரையிலயே சரி பண்ணியிருக்கலாம். ஆபரேஷனுக்கு முன்னாடி கொண்டு வந்திருக்கக் கூடாதா?" என்றார்.

கூடாதா! கேட்டேனே தம்பி. ஆபரேஷனுக்கு முந்தின திங்கட்கிழமை உன் ஜன்னலுக்கு வெளியே நின்று, "ஸ்லைடைக் கொடுடா, இன்னொருத்தர்கிட்டயும் காட்டிட்டு வந்துடறேன்"னு கேட்டேனே. "டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரேன்"னு உள்ளே போனாய். திரும்பி வந்து, "பெரிய டாக்டர் தேவையில்லைன்னுட்டார்க்கா. அவர் சொன்னா சொன்னதுதான்" என்றாய். குரல்வளையை எடுத்தபிறகு டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். "அதுவும் கூடவே இருந்திருக்கு" என்று பூசி மெழுகினாய். நானும் தலையை ஆட்டினேன்.

இனி ஆட்ட மாட்டேன். உன் பெரிய டாக்டரை நான் சும்மா விடப் போவதில்லை. மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த ஆள் இனி ஒரு கத்தியைத் தொடக் கூடாது. உன் மாமாவின் ஃபைல் முழுவதும் ஒரு பிரதி எடுத்து அனுப்பு. ஒரு காகிதம் விடாமல்.

அக்கா

*

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாளாக வேலையே ஓடவில்லை. ஒரு ஸ்லைடுப் பெட்டியைக் கீழே போடப் பார்த்தேன். இந்த அறையில் பதினோரு வருஷத்து ஸ்லைடுகளும், சதைத் துண்டுகளைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டிகளும் இருக்கின்றன. ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. அதற்குத்தானே சின்ன வயதில் எனக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்தாய்.

ஃபைல் பிரதி எடுப்பது நினைப்பது போல சுலபமில்லை. அதற்கு மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, அக்கா. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, வழக்கமான தாள்கள்.

பெரிய டாக்டர்மேல் உனக்குக் கோபம் இருப்பது நியாயம்தான். ஆனால் ஸ்லைடைப் படித்துக் கேன்சர் என்று எழுதியவர் வேறு ஒருவர். பெரிய டாக்டர் அந்த ரிப்போர்ட்டை நம்பி ஆபரேஷன் செய்தார். இருபத்தெட்டு வருஷமாக எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறார்! ஜூனில் ரிட்டயர் ஆகப் போகிறார். இந்த நேரத்தில் அவர் பெயரைக் கெடுப்பதால் மாமாவுக்குக் குரல் வந்துவிடுமா?

மாமா எப்படி இருக்கிறார்? சாப்பாடு இறங்குகிறதா? என்னைப் பற்றி ஏதாவது எழுதினாரா?

உன்
பூட்டு

*

ஜனவரி 19

தம்பிக்கு,

பூட்டாம் பூட்டு. வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டுக்கொள்.

உன் மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டாய் அல்லவா? சொல்கிறேன், கேள். இப்பவும் விடியும் முன்னே எழுந்து காய்கறி மண்டிக்குப் போகிறார். போகாதீங்க என்றால் கேட்பதில்லை. இருபது வருஷம் ஏலம் கூவிய கால், தானாக நடக்கிறது. தக்காளிக் கூடை இறங்கியதும் அந்த ஏல மேடைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார். மேடையில் இப்போது வேறொருவன். கீச்சுக் குரல். மூன்றாவது வரிசைக்கே கேட்காது. உன் மாமா 'ஒரு தரம்!' என்றால் லாரி ஓட்டிக்கொண்டு போகிறவன் பிரேக் போடுவானே! 'லவுட்ஸ்பீக்கர்' என்று சும்மாவா கூப்பிட்டார்கள்?

முந்தாநாள் அந்தக் கீச்சுக் குரல்காரன் வரவில்லை. மண்டிக்காரர் பாவம் பார்த்து இவரை மேடை ஏற்றியிருக்கிறார். ஒரு கையில் ஏல மணி, ஒரு கையில் சிலேட்டு. விலையை எழுதிக் காட்டுவது, மணி அடிப்பது, துடைப்பது, மறுபடி எழுதுவது. இவர் எழுதி முடிப்பதற்குள் வியாபாரிகள் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். ஒருத்தன் சிரித்தானாம். கழுத்து ஓட்டையை மறைக்கிற துணியைச் சரிசெய்துகொண்டு இறங்கி வந்துவிட்டார். மணியையும் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். அது இப்போது பாத்திர அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அலமாரிக் கதவை அறைந்து சாத்துகிறேன்.

அந்த மேடையில் கூவித்தான் உன்னைப் படிக்க வைத்தார். ஞாபகம் இருக்கிறதா இல்லை அதற்கும் மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டுமா?

குரல் வந்துவிடுமா என்று என்னையே கேட்கிறாய். வராது. எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியது குரல் இல்லை. அந்த டாக்டர் நாலு பேர் முன்னால் தலை குனிந்து நிற்க வேண்டும். ரிட்டயர் ஆகி மாலை போட்டுக்கொண்டு போகக் கூடாது. ஸ்லைடைப் படித்தவர்மேலும் புகார் உண்டு. அவர் கண் தப்பாகப் பார்த்தது. இவர் தெரிந்தே 'தேவையில்லை' என்றார். எது பெரிய பாவம்?

ஃபைலை நீ அனுப்பாவிட்டால் கவுன்சில் கேட்டு வாங்கும். யோசித்துக்கொள்.

அக்கா

*

ஜனவரி 30

அக்கா,

புகாரை ஒரு மாதம் தள்ளிப் போடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

இன்று பெரிய டாக்டர் பதிவறைக்கு வந்தார். வேறு ஒரு ஃபைலுக்காக வந்தவர் போகும்போது நின்று, "உங்க மாமா எப்படி இருக்கார்ப்பா? பேச்சுப் பயிற்சிக்கு ஒழுங்கா வர்றாரா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ரேக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அவர்மேல் மட்டும் எல்லாப் பழியையும் போடாதே. உனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நான்கு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். நேரில் வருகிறேன் என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்புவாய். ஒரு மாதம் கொடு.

தம்பி

*

பிப்ரவரி 6

தம்பிக்கு,

உன் போன கடிதத்தை உன் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். புகாரையும் வாசித்தேன். ஐந்து பக்கம். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் (பேசாமல்தான், வேறு எப்படி?) உட்கார்ந்திருந்தார். பிறகு சிலேட்டை எடுத்து, 'டாக்டர்கிட்ட கேட்டியா?' என்று எழுதினார்.

எனக்கு எரிச்சல் வந்தது. "என்னத்தைக் கேட்கறது? செஞ்சவன் செஞ்சேன்னு சொல்வானா?" என்றேன். துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்: 'ஒரு டாக்டர் சொன்னதை நம்பி என் தொண்டை போச்சு. நீ ஒரு ஆள் சொன்னதை நம்பி அஞ்சு பக்கம் எழுதியிருக்க.'

சரி, கேட்டே விடுகிறேன் என்றுதான் புதன்கிழமை அவரைப் பேச்சுப் பயிற்சியில் உட்கார வைத்துவிட்டு நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி தயாராக வைத்திருந்தேன். முதல் கேள்வியையே கதவருகில் நின்றபடி கேட்டேன். "ஸ்லைடை வெளியில காட்ட வேணாம்னு ஏன் சொன்னீங்க?"

அவர் எழுந்துவிட்டார். "நானா? நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்? என்கிட்ட யாரும் கேட்கவே இல்லையே!" என்றார். நான் நம்பவில்லை. அலமாரியைத் திறந்து அவருடைய ஆபரேஷன் நோட்டை எடுத்தார். அவர் பதிவறைக்கு அனுப்புகிற சீட்டு ஒவ்வொன்றுக்கும் அதில் கார்பன் பிரதி இருக்கிறது. ஆபரேஷனுக்கு முதல்நாள் தேதி. நானே படித்தேன்: 'குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டிய கேஸ். குடும்பத்தார் விரும்பினால் வேறு இடத்திலும் காட்டட்டும். ஸ்லைடுகளைக் கொடுக்கவும். இரண்டு வாரம் பொறுப்பதில் தவறில்லை.'

"இது உங்க தம்பி மேஜைக்குத்தான் போச்சு. பதில் ஒண்ணும் வரல, அதனால உங்களுக்கு வேணாம்போலன்னு நினைச்சேன்" என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நானே உங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். முதல் ரிப்போர்ட் தப்புன்னு தெரிஞ்சப்பவும் உங்க தம்பிகிட்டதான் சொல்லி அனுப்பினேன். அது என் தப்பு" என்றார். ஆமாம், அது உங்க தப்புதான் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அதை விட மாட்டேன்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்கில்லை.

அந்தத் திங்கட்கிழமை நான் உன் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். எனக்கு எதிரே சுவரில் கடிகாரம் இருந்தது. நீ கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாய். நாலு நிமிஷம் கழித்து வந்தாய். பெரிய டாக்டரிடம் நீ போகவில்லை.

அந்த நாலு நிமிஷம் எங்கே போனாய்?

*

பிப்ரவரி 11

அக்கா,

எங்கேயும் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் கை கழுவுகிற இடம் இருக்கிறது. அங்கே நின்றேன். குழாயைத் திறந்தேன், மூடினேன். வெளியே வந்து பொய் சொன்னேன்.

ஏன் என்று ராத்திரி பகலாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். இங்கே யாராவது ஸ்லைடைக் கேட்டால், 'எங்க மேல நம்பிக்கை இல்லியா?' என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வையை நானே எத்தனையோ பேர்மேல் வீசியிருக்கிறேன். ஆஸ்பத்திரி முழுக்க நான் 'பெரிய டாக்டரோட ஆள்'. அந்தப் பெயரில் ஒரு பெருமை. அப்படிப்பட்டவனுடைய சொந்த அக்காவே அவரை நம்பாமல் வெளியே போகிறாள் என்று எப்படிப் போய்ச் சொல்வது? அதுதான், வேறொன்றும் இல்லை. வெட்கம். மாமாவின் தொண்டையைவிட என் வெட்கம் எனக்குப் பெரிதாக இருந்தது.

இன்னும் இருக்கிறது. அந்தச் சீட்டு ஆபரேஷன் அன்று காலை ஒன்பதரைக்கு வார்டுக் கட்டோடு என் மேஜைக்கு வந்தது. படித்தேன். ஆபரேஷன் பதினோரு மணிக்கு. மாடி ஏறினால் இரண்டு நிமிஷம். ஓடியிருக்கலாம். ஓடினால் நான் சொன்ன பொய் தெரிந்துவிடும். எப்படியும் கேன்சர்தானே, எங்கள் டாக்டர் தப்பாகவா சொல்லப் போகிறார் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு சீட்டை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். பதினோரு மணி அடித்தது எனக்குக் கேட்டது.

அந்தச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கவுன்சிலுக்கு அனுப்பு. ராஜினாமாக் கடிதமும் எழுதிவிட்டேன், மாதக் கடைசியில் கொடுத்துவிட்டு எங்காவது போய்விடுகிறேன். உன் முகத்தில் முழிக்க மாட்டேன்.

தம்பி

*

பிப்ரவரி 15

ராஜினாமாவா? அடி செருப்பால.

ஓடிப் போய் வேறு ஊரில் வேறு ஜன்னலில் உட்கார்ந்து எல்லாம் மறந்துவிடலாம் என்று பார்க்கிறாயா? அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. நீ அந்த நாற்காலியை விட்டு ஒரு அங்குலம் நகர்ந்தால் இந்தச் சீட்டையும் உன் கைப்பட எழுதிய கடிதத்தையும் எங்கே கொடுக்க வேண்டுமோ அங்கே கொடுப்பேன். இரண்டும் என் பெட்டியில் இருக்கின்றன. பூட்டு என்னிடமும் இருக்கிறது.

தப்பாகப் படித்தவர்மேல் புகார் போய்விட்டது. பெரிய டாக்டர்மேல் எழுதிய ஐந்து பக்கத்தில் நாலைக் கிழித்தேன். மிச்சம் ஒரு பக்கம் அவருக்கு உரியது, அதை அனுப்பினேன். கிழித்த நாலு பக்கமும் உன்னுடையது. உனக்குக் கவுன்சில் தேவையில்லை. நான் இருக்கிறேன்.

நேற்று பெரிய டாக்டரைப் போய்ப் பார்த்தேன். உன் ஜன்னலுக்கு மேலே ஒரு பலகை மாட்டக் கேட்டேன், சரி என்றார். 'பெரிய ஆபரேஷனா? முடிவு எடுக்கும் முன் இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். ஸ்லைடுகளை இங்கே கேட்டு வாங்கலாம்.' எதிரே ஒரு பெஞ்சு இருக்கிறதே, இனிமேல் ஒவ்வொரு புதன்கிழமையும் பயிற்சி முடிந்ததும் நானும் உன் மாமாவும் அங்கே உட்காருவோம். ஆபரேஷன் தேதி குறித்த கார்டைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிக்கிற ஒவ்வொருவரையும் பிடித்து உன்னிடம் அனுப்புவேன்.

நீ எழுந்து போய், தேடி எடுத்து, உன் கையால் கொடுக்க வேண்டும். வேறு யார் மூலமும் கொடுக்கக் கூடாது. கொடுக்கும்போது, "இன்னொருத்தர்கிட்டயும் காட்டுங்க" என்று சொல்ல வேண்டும். வாய்க்குள்ளே முணுமுணுக்கக் கூடாது. பெஞ்சு வரைக்கும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உன் மாமா ஏல மணியை அடிப்பார். அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்துவிட்டேன்.

அக்கா

*

ஏப்ரல் 23

அக்கா,

பத்து புதன்கிழமை ஆகிவிட்டது. முதல் நாள் மட்டும் ஆறு முறை மணி அடித்தார் மாமா. ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. லேப்காரர்கள் இன்றுவரை என்னைப் பார்த்தால் மணி அடிப்பதுபோல் கையை ஆட்டுகிறார்கள். உனக்குத் திருப்திதானா? எனக்கு அந்த வெட்கம் பழகிப் போகும் என்று நினைத்தேன். பழகவில்லை.

நீ அனுப்பியவர்களில் டாக்ஸி ஓட்டுகிறவர் ஒருவர், முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்களே, அவர் ஸ்லைடோடு போனார். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். ஆபரேஷன் முடிந்தபிறகு சக்கர நாற்காலியில் என் ஜன்னலுக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "ரெண்டு பேரும் ஒண்ணு சொன்னதால மனசுல சந்தேகம் இல்லாம படுத்தேன் தம்பி. இல்லன்னா வாழ்நாள் பூரா நொந்துக்கிட்டே இருந்திருப்பேன்" என்றார்.

பச்சைப் பை வைத்திருந்த தையல்கார அம்மாவை நினைவிருக்கும். மார்பை எடுக்கத் தேதி குறித்திருந்தது. உன்னோடு சண்டை போட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தார். நேற்று திரும்பி வந்தார். கேன்சர் இல்லையாம், வெறும் கட்டியாம். இங்கே பெரிய டாக்டரும் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து, மறுபடி பரிசோதித்து, தேதியை அடித்துவிட்டார். அந்த அம்மா ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் எதற்குக் கையைக் கொடுத்தேன், எனக்கு அந்த யோக்யதை ஏது என்று உடம்பெல்லாம் கூசியது. மாமாவுக்கும் இதே மாதிரி ஒரு கவரைக் கொடுத்திருந்தால் என்று, அந்த அம்மா போனபிறகு, குழாயடியில் போய் நின்று அழுதேன்.

அக்கா, என்னை மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்க மாட்டேன். மாமாவிடம் மட்டும் கேட்டுச் சொல். பத்து வாரமாக எதிரே உட்கார்ந்திருக்கிறார், என்னைப் பார்த்து ஒரு வார்த்தை எழுதிக் காட்டவில்லை. ஒரே ஒரு வார்த்தை போதும். எதுவாக இருந்தாலும் சரி.

தம்பி

*

ஏப்ரல் 27

தம்பிக்கு,

தையல்கார அம்மா எங்கள் வீட்டுக்கும் வந்து போனார். நல்லது. அதற்காக உன் கணக்கு தீர்ந்துவிட்டது என்று கனவு காணாதே. அந்த அம்மா நன்றாக இருக்கட்டும், நூறு வயது வாழட்டும். அவர் சிரிப்பைப் பார்த்தபோது எனக்கு உன்மேல் கோபம் கூடத்தான் செய்தது, குறையவில்லை. என் வீட்டிலும் அப்படி ஒரு சிரிப்பு இருந்திருக்கும். நீ அழுதது குழாயடியில்தானே? அங்கேயே அழு. உனக்குப் பழகிய இடம்.

பெரிய டாக்டர் ரிட்டயர் ஆனாலும் பலகை அங்கேயே இருக்கும். எழுத்தில் வாங்கிவிட்டேன். நீ ரிட்டயர் ஆக இன்னும் இருபத்திரண்டு வருஷம் இருக்கிறது. பெஞ்சு உறுதியான பெஞ்சுதான், தாங்கும்.

உன் கடிதத்தை மாமாவுக்கு வாசித்தேன். கடைசிப் பத்தியை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கை காட்டினார். மேஜையில் மணி இருந்தது, அதன் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கூட, மனுஷன் இளகிவிட்டார், மன்னித்துத் தொலைக்கப் போகிறார் என்று பயந்துபோனேன். அப்புறம் சிலேட்டை எடுத்து எழுதினார். ஒரு வார்த்தை கேட்டாய், இரண்டு வார்த்தையாக இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்:

'சத்தம் பத்தல.'

புதன்கிழமை ஏழு பேர் வருகிறார்கள். ஜன்னலைத் திறந்து வை.

அக்கா